செத்தவர் காதுக்கு ஒரு மனு

ஜப்பான் காலத்தில் மலாக்காவில் கடிகாரம் ஒன்று சொல்லும், வானம் வேறொன்று சொல்லும். வந்த கையோடு எல்லாரும் தோக்கியோ நேரத்துக்கு முள்ளைத் திருப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். கடிகாரம் காலை என்று அடிக்கும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். ராத்திரி என்று அடிக்கும்போது கஜா பெராங் சாலையில் மஞ்சள் வெயில் இன்னும் சாய்ந்து கிடக்கும். அந்த வருஷங்களை இன்றைக்கு நினைத்தால் எல்லாமே அந்த ரெண்டுங்கெட்டான் வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிகிறது. நடந்ததா, கனவில் கண்டதா என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். ஆனால் இந்த ஒன்று நடந்தது. சத்தியமாக நடந்தது.

நான் பிறந்தது டவுனில், ஒரு பூக்கடைக்காரர் வீட்டில். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தமிழ்தான், சண்டையும் தமிழில்தான். வாக்கப்பட்டதோ கஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டில். செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் சுல்தான் காலத்திலேயே கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணோடு மண்ணாகிப் போனவர்கள். கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். என் மாமியாரிடம் மிச்சமிருந்த தமிழ் ‘சாமி’, ‘பொங்கல்’, அப்புறம் கோபம் வந்தால் ஒரே ஒரு கெட்ட வார்த்தை. அதற்கு அர்த்தம் தெரியாமலே அழகாகச் சொல்வார். நானும் சொல்லிக்கொடுக்கவில்லை, நமக்கெதற்கு வம்பு. இங்கே இவர்கள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் பேசியது. என் தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாமனார் சுங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முன்கூடத்தில் அவருடைய ரேடியோப் பெட்டி இருந்தது. பளபளவென்று மெருகேற்றிய மரம், நெற்றியில் ஒரு பச்சைக் கண். ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தக் கண் மெல்ல மூடிக்கொள்ளும். சண்டை வருவதற்கு முன்னால் தினமும் சாயங்காலம் சிற்றலையில் இந்தியாவின் தமிழ் ஒலிபரப்பைப் பிடிப்பார். ஒரு வார்த்தை புரியாது. நான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மலாயில் சொல்லிக்கொண்டே வருவேன். இங்கே அப்பாவுக்குப் பாக், அம்மாவுக்கு மாக்; நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

“என்னா சொல்றான்?”

“தஞ்சாவூர்ல நல்ல மழையாம், பாக்.”

“அதான் எனக்குக் குளிருது,” என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

அலை அலையாக வரும் அந்தக் குரல். ஒரு சமயம் காதோரம் பேசும், ஒரு சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ‘புரியாததை எதற்குக் கேட்கிறீர்கள்’ என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “அர்த்தம் நீ சொல்லு. சத்தம் எனக்குப் போதும். எங்க பாட்டன்மாரு பேசின சத்தம்,” என்றார். அந்த மனிதரை எனக்கு என் சொந்த அப்பாவைவிடப் பிடிக்கும். அதை அவரிடம் சொல்லாமலே விட்டேன், போகட்டும்.

ஜப்பான்காரன் வந்தான். எல்லா ரேடியோப் பெட்டியையும் கொண்டுவா என்றான். கொண்டுபோனோம். உள்ளே சிற்றலை பிடிக்கும் கம்பிச்சுருளைப் பிடுங்கி எடுத்துவிட்டு, முதுகுப் பலகையை மூடி, பலகையும் பெட்டியும் சேருகிற இடத்தில் சிவப்பு முத்திரை குத்திய தாளை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். இனிமேல் பண்டார் ஹிலிரில் அவர்கள் நடத்தும் ஸ்டேஷன் மட்டும்தான். அணிவகுப்புப் பாட்டு, ஜப்பானிய பாஷைப் பாடம், அவர்கள் ஜெயித்த செய்தி. அவர்கள் தோற்கவே மாட்டார்கள்! தாளைத் தொட்டாலோ வெளியூர் ஒலிபரப்பைக் கேட்டாலோ தலை போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரை அதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் பெண்டாட்டிக்குத் திரும்பி வந்தது சட்டை மட்டும்.

மாமனார் அடுத்த வருஷ மழையில் காய்ச்சல் கண்டு படுத்தார். கொய்னா மாத்திரை இல்லை. கடைசி நாட்களில் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போடச் சொல்லி, குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். கொர் என்ற இரைச்சல்தான் வரும். உயிர் போகும்போது ரேடியோவில் யாரோ ஒரு பெண் ஜப்பானிய பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

என் புருஷன் கரண்டு வேலை தெரிந்தவர். தெருமுனைகளில் ஜப்பான்காரன் கட்டிவைத்த ஒலிபெருக்கிகளை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் பாட்டை அவனுக்காகப் பாடவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். அப்பா போன கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், சவரக் கத்தியால் அந்த முத்திரைத் தாளைப் பலகையோரமாக நேராகக் கீறினார். உள்ளே அட்டைக் குழாயில் தாமிரக் கம்பியைச் சுற்றி, பிடுங்கிய இடத்தில் பொருத்தினார். பலகையை மறுபடி அழுத்தி மூடினால் கீறல் மயிரிழைபோலத்தான் தெரியும். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

மாமியார் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு ஒரே போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொள்வோம். அது போர்வைக்குள் இன்னொரு ஊர். வால்வின் சூடு, பச்சை வெளிச்சம், அவர் கன்னத்தில் வியர்வை, எங்கோ தூரத்தில் தமிழ். நான் அவர் காதில் மலாயில் முணுமுணுப்பேன். கல்யாணமாகி அவ்வளவு நெருக்கமாக நாங்கள் வேறு எப்போதும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். வெட்கமென்ன, வயதாகிவிட்டது, சொல்லிவிடலாம்.

மாமியாரிடம் இதைச் சொல்லவே இல்லை. நல்ல மனுஷிதான். ஆனால் அவர் வாயில் ஒன்று விழுந்தால் கஜா பெராங் முழுக்கப் போய், கோயில் மண்டபத்தில் ஒரு சுற்று சுற்றி, மறுபடி நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

செட்டி வீடுகளில் போகிப் பண்டிகையன்று பார்ச்சு என்று ஒன்று உண்டு. செத்துப்போனவர்களுக்குப் படைப்பது. நம்மூரிலும் படைப்பார்கள், ஆனால் இவர்கள் அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ய முடியாது. யாருக்கு எது பிடிக்குமோ அதையே வாழையிலையில் வைக்க வேண்டும். காரம் தின்றவருக்குக் காரம், சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு. சாம்பிராணி போட்டுக் கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். அந்த நேரம் உள்ளே போகவும் கூடாது, வெளியே சத்தம் போடவும் கூடாது.

மாமனார் போனபின் வந்த முதல் பார்ச்சுக்கு மாமியார் அவருடைய கருவாட்டுச் சம்பலை வைத்தார், சுருட்டை வைத்தார், கோப்பியை வைத்தார். அப்புறம், அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது என்னவோ அதையும் இலைக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார். ரேடியோவை. குமிழையும் திருப்பிவிட்டார். அணிவகுப்புப் பாட்டு அலறியது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். திறந்து பார்த்தபோது சம்பல்மேல் ஆடை படிந்து கிடந்தது.

“தொடவே இல்ல,” என்றார் மாமியார். அன்று பூராவும் யாரிடமும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எங்களுக்குக் குலை நடுங்கும்.

அதிலிருந்து அவருக்கு ஒரே கனவு வர ஆரம்பித்தது. மாமனார் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாரோங் நனைந்து சொட்டுகிறது. இவர் கூப்பிடுகிறார், அவர் திரும்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு காதிலும் சிவப்பு முத்திரைத் தாள் ஒட்டியிருக்கிறது. காலையில் எழுந்து இதைச் சொல்லும்போது மாமியார் தன் காதையே தடவிக்கொள்வார். கேட்டுக் கேட்டு, ஒரு விடியலில் எனக்கும் அந்தக் கனவு வந்துவிட்டது. என் கனவில் அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்து, ‘என்னா சொல்றான்?’ என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த பார்ச்சுக்குச் சில வாரம் இருக்கும்போது மாமியார் நல்ல கெபாயாவை எடுத்து உடுத்திக்கொண்டார். “மெனந்து, கிளம்பு,” என்றார். மருமகளே என்பதை அந்தத் தொனியில் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்று அர்த்தம்.

“எங்கே, மாக்?”

“ரேடியோ ஆபீசுக்கு. துவான்கிட்ட மனு கொடுக்கப் போறேன்.”

துவான் என்றால் துரை. ஜப்பான்காரனிடம் மனுவா! ஆபீஸ் பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் இருந்தது. வாசலில் துப்பாக்கிக்காரன். இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டால்தான் படியேறலாம். கும்பிடு போதவில்லை என்று என் புருஷனை அங்கே ஒரு தரம் அறைந்திருந்தார்கள். அறைந்தவர் அந்த ரேடியோ ஆபீஸ் துவான்தான். கட்டையான மனிதர், மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். புத்தகத்தில் படித்த மலாயை, எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பேசுவார்.

மாமியார் அவர் மேசைக்கு முன்னால் நின்று கனவைச் சொன்னார், சம்பலைச் சொன்னார், ஆடை படிந்ததைச் சொன்னார். “பார்ச்சு அன்னிக்கு மட்டும் என் புருஷனோட ரேடியோவுக்கு முத்திரையை எடுக்கணும், துவான். அவருக்கு அந்த இந்தியா ஸ்டேஷன்தான் பிடிக்கும்,” என்றார்.

“வெளியூர் ஒலிபரப்பை யாரும் கேட்கக்கூடாது. சட்டம்.”

“சட்டம் உசிரோட இருக்கறவங்களுக்குத்தானே? அவரு செத்துட்டாரு. செத்தவங்க கேக்கக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா, துவான்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். விழவில்லை. ‘போ’ என்று மட்டும் சொன்னார்.

போனார், ஆனால் அடுத்த வாரமும் வந்தார். கூடவே எங்கள் கம்போங் குடியிருப்பிலிருந்து இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டார். ஒருத்தியின் புருஷனுக்குப் பத்தாவியா ஸ்டேஷனின் குரோஞ்சோங் பாட்டு உயிராம். இன்னொருத்தியின் தகப்பனுக்கு லண்டனில் மணி அடிக்கும் ஓசை கேட்காவிட்டால் சோறு இறங்காதாம். எல்லாரும் வெற்றிலைப் பெட்டியோடு அந்தப் பங்களா வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், செத்தவர்களின் காதுக்காக. துப்பாக்கிக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரட்டினால் எழுந்து மரத்தடிக்குப் போவார்கள், அவன் திரும்பினால் மறுபடி வராந்தா. கடல் காற்றில் கெபாயா ஓரமெல்லாம் படபடக்க அவர்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளைக்காரனிடமும் சரி, ஜப்பான்காரனிடமும் சரி, ரேடியோ கேட்கும் உரிமை வேண்டும் என்று ஊரில் எந்த ஆம்பளையும் வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் துவான் பொறுமையிழந்து கத்தினார். “என் வீட்டிலும் என் தகப்பனுக்கு என் தாய் தினமும் சோறு வைக்கிறாள். ரேடியோ வைப்பதில்லை!”

“எந்த ஊரு, துவான்?” என்றார் மாமியார், சம்பந்தம் பேசுகிறவர்போல.

ஊர்ப்பேரைச் சொன்னார். அவர் நாட்டில் அது ஒரு பெரிய ஊர்.

“அம்மாகிட்டேயிருந்து கடுதாசி வருதா?”

துவான் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். அதில் கப்பலே இல்லை. பிறகு, மற்ற பெண்களையெல்லாம் போகச் சொல்லிவிட்டு எங்களிடம் சொன்னார்: “உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும். அந்த நாளில் நானே வருவேன். நானே முத்திரையைத் திறப்பேன். கூடவே இருப்பேன். முடிந்ததும் நானே ஒட்டுவேன்.”

மாமியார் பூரித்துப்போய்க் கும்பிட்டார். எந்த முத்திரையைத் திறப்பார்? கீறின முத்திரையையா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அம்மா என் தலைக்குத் தாம்பாளமே அனுப்பிட்டாங்க,” என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. பெட்டியை ஒழித்துவிட்டால்? அது எங்கே என்பார்கள். கம்பிச்சுருளைக் கழற்றிவிடலாம், ஆனால் தாளில் கீறல் கீறல்தானே. கழற்றவும் பயம். சுருள் இல்லாமலிருந்து கீறல் இருந்தால், சுருளை எங்கே ஒளித்தாய் என்று அடித்தே கொல்வார்கள். ஓடிப்போகலாமென்றால் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். அம்மாவிடம் சொன்னால்? அவர் அன்றைக்கே ஆபீசுக்குப் போய், ‘துவான், வராதீங்க, என் மகன் கீறிட்டான்’ என்று சொல்லிவிடுவார். நிச்சயம் சொல்வார்.

கஞ்சித் தண்ணீரைத் தடவி ஒட்டிப் பார்த்தார். காய்ந்ததும் கீறல் இன்னும் வெள்ளையாகப் பல்லிளித்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பசை என்றால் கரப்பான்பூச்சிக்கு உயிராயிற்றே. தாள் ஓரமெல்லாம் சீனித் தண்ணீர் தடவி வைப்போம், அதுகள் அரித்துவிட்டால் யார் குற்றம்? தடவி வைத்தோம். மற்ற நாளில் துணியைத் தின்று, புத்தகத்தைத் தின்று, மனுஷன் கால் நகத்தைக்கூட விடாத கரப்பான்கள் அந்த வாரம் விரதம் இருந்தன. ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை, சனியன்கள்!

போகி வந்தது. மாமியார் மாதக்கணக்காகப் பிடிப்பிடியாக ஒதுக்கிவைத்திருந்த அரிசியை வடித்தார். எங்களுக்கு மரவள்ளி, மாமனாருக்கு வெள்ளைச் சோறு. இலையில் அது குவிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வாயில் நீர் ஊறியது. உயிர் போகிற பயத்திலும் வயிறு தன் வேலையைப் பார்க்கும். சம்பல், சுருட்டு, கோப்பி. சாம்பிராணிப் புகை கூடம் முழுக்க நிரம்பி, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அதற்குள் வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் நடமாடுவதுபோல் இருந்தது. என் புருஷன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொட்டு வைத்துவிட்டேன். கோணலாக விழுந்தது.

துவான் சைக்கிளில் தனியாக வந்தார். காவலாள் இல்லை. பூட்சைக் கழற்றச் சொன்னார் மாமியார். கழற்றினார். காலைக் கழுவச் சொன்னார். கழுவினார். உள்ளே வந்து இலையைப் பார்த்து நின்று, சொல்லாமலே ஒரு கும்பிடு போட்டார். பிறகு பெட்டியைத் திருப்பினார்.

என் புருஷன் கதவோரம் குனிந்து நின்றார். துவான் முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரல் நகத்தால் அந்தக் கீறலின் மேலிருந்து கீழ்வரை மெல்லக் கோடு இழுத்தார். நிமிர்ந்து என் புருஷனைப் பார்த்தார். நான் மனதுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டுவிட்டேன், எங்கள் சாமி, செட்டி வீட்டுச் சாமி, பாக்கியில்லை.

“சீக்கிரம், துவான். கோப்பி ஆறுது,” என்றார் மாமியார்.

துவான் பலகையைக் கழற்றினார். உள்ளே அட்டைக் குழாயில் புத்தம்புதுத் தாமிரக் கம்பி மின்னியது. மறுபடி மாட்டுவதற்காகச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த பழைய சுருளை வெளியே எடுக்கவே இல்லை. பையைக் கையால் தொட்டதோடு சரி. குமிழைத் திருப்பினார். பச்சைக் கண் மெல்ல விழித்தது.

“எல்லாரும் வெளிய,” என்று மாமியார் உத்தரவு போட்டார். “மெனந்து, நீ மட்டும் இரு. இல்லாட்டி அவருக்கு யாரு அர்த்தம் சொல்றது?”

மகனை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கூடத்தில் நான், துவான், செத்துப்போன என் மாமனார். என் புருஷனின் மூச்சு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் பழைய முக்காலியை இலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். துவான் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ஸ்டேஷனைத் தேடிப் பிடித்தேன். அந்த இடம் என் விரலுக்குத் தெரியும் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு வீணை. பிறகு செய்தி. நான் இலையைப் பார்த்து மலாயில் சொல்லத் தொடங்கினேன். “பர்மாவிலே சண்டையாம், பாக். பிலிப்பீன் பக்கம் கப்பலெல்லாம் முழுகிடுச்சாம்.” தெருமுனை ஒலிபெருக்கி சொல்லாத செய்திகள். துவான் அசையவில்லை. குரல் அலையில் போய்த் திரும்பி வந்தது. வந்தபோது ஒரு ஊர்ப்பேரைச் சொன்னது. அவருடைய ஊர்.

நான் நிறுத்திவிட்டேன். அவருக்கும் அந்தப் பேர் மட்டும் புரிந்துவிட்டது. எந்தப் பாஷையில் சொன்னாலும் சொந்த ஊர்ப்பேர் ஒன்றுதானே.

“சொல்,” என்றார். மிகத் தாழ்ந்த குரல். “எனக்கு வேண்டாம். அவருக்குச் சொல்.”

சொன்னால் ஆத்திரத்தில் என் புருஷன் தலையை வாங்கலாம். பொய் சொல்லலாம், அங்கே நல்ல மழை என்று சொல்லலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் எதிரே இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மாமனாருக்கு நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அப்புறம் இன்னொன்று, அதையும் சொல்லவேண்டும். என் புருஷன் கன்னத்தில் விழுந்த அறை எனக்கு மறக்கவில்லை. சொல்லித்தான் பார்ப்போமே என்று ஒரு கெட்ட சந்தோஷமும் இருந்தது.

“விமானத்திலேயிருந்து நெருப்புக் குண்டு போட்டாங்களாம், பாக்,” என்றேன். “மர வீடெல்லாம் எரிஞ்சுபோச்சாம். தெருத்தெருவா எரிஞ்சுதாம்.”

“எந்தத் தெரு?” என்றார் துவான்.

ரேடியோ அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

“எந்தப் பக்கம்? ஆற்றுப் பக்கமா? கேள். எந்தப் பக்கம்?”

“இது திருப்பிச் சொல்லாது, துவான்,” என்றேன்.

என் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை. உலகத்துக் காதையெல்லாம் அடைக்க வந்த மனிதர், ரேடியோப் பெட்டியின் துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். விரிசல் கண்ணாடி சாய்ந்து மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவர் ஆபீசில் இருந்த அத்தனை கருவிகளில் ஒன்றுகூட அவருடைய ஊரில் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. அவருக்காக நான் இரக்கப்பட்டேன். பட்டதற்காக எனக்கே என்மேல் கோபமும் வந்தது.

செய்தி முடிந்து பாட்டு வந்தது. அவர் குமிழைத் திருப்பி நிறுத்தினார். பலகையைப் பொருத்தினார். கீறின தாளைச் சுரண்டி எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார், பசையைத் தேடினார். கொண்டுவரவில்லை. சுற்றிப் பார்த்தார். இலைக்கு முன்னால் ஒருதரம் தலை குனிந்து, மாமனாரின் சோற்றுக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்தார். கட்டைவிரலால் நசுக்கிப் பலகையோரம் தடவி, புதுத் தாளை ஒட்டி, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். தாமிரச் சுருள் உள்ளேயே இருந்தது.

கதவைத் திறந்தேன். துவான் வெளியே போய்ப் பூட்சை மாட்டிக்கொண்டார். என் புருஷன் இடுப்பு ஒடியக் குனிந்து, அடியோ கத்தியோ எது விழுந்தாலும் விழட்டும் என்று கண்ணை மூடியிருந்தார்.

“கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறாய். நல்ல வேலை,” என்றார் துவான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏறாமலே, நடந்து போனார்.

என் புருஷன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் உள்ளேயிருந்து மாமியார் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. “ஆலாமாக்! வாங்க, வந்து பாருங்க! சோத்துல குழி! கைய வச்சிருக்காரு! உங்கப்பா சாப்பிட்டுட்டாருடா!”

ஓடிவந்து மகன் தோளைப் பிடித்து உலுக்கினார். என் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். “அழு, நல்லா அழு,” என்று மாமியாரும் அழுதார். “கேட்டுட்டாரு. மனசு குளுந்து சாப்பிட்டுட்டாரு.” நான் எதுவும் சொல்லவில்லை.

செத்தவர் சாப்பிட்ட பிறகு இலையில் மிச்சமிருப்பதை வீட்டார் சாப்பிட வேண்டும். மூன்று பேரும் அந்த இலையைச் சுற்றி உட்கார்ந்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெள்ளைச் சோறு. என் புருஷன் முதல் வாயை எடுத்துக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“என்னா பாக்கறே? நீயும் சாப்பிடு,” என்றார்.